கிரிப்டோ மோசடி பற்றிப் புத்தகம் எழுத எங்கிருந்து தொடங்குவது?

"கிரிப்டோ மோசடி ஒன்றைத் தோண்டித் துருவிப் புத்தகம் எழுத ஆசை. கணினிப் படிப்பு கிடையாது. முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக முடியும். நான் படித்தது பி.காம். இரண்டு வருடமாக இதே வேலையில்தான் இருக்கிறேன். எனக்குக் கண்ணைத் திறந்துவிட்டது கனடாவின் குவாட்ரிகா விவகாரம். அதை வைத்தே சொல்கிறேன்.

குவாட்ரிகாசிஎக்ஸ் கனடாவில் ஒரு காலத்தில் பெயர்பெற்றிருந்த கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச், அதாவது கிரிப்டோ காயின்களை வாங்கி விற்கும் இணையச் சந்தை. அதை நடத்திய ஜெரால்ட் காட்டன், மனைவியோடு இந்தியா வந்திருந்தபோது, 2018 டிசம்பர் 9 அன்று ஜெய்ப்பூரில் இறந்துபோனார். வயது 30. நிறுவனம் அதை வெளியே சொன்னது 2019 ஜனவரியில்தான். வாடிக்கையாளர்களின் காயின்களில் பெரும்பகுதி கோல்ட் வாலட்டில் (cold wallet, இணையத் தொடர்பில்லாத மின்னணுப் பெட்டகம்) இருக்கிறது, பாஸ்வேர்டு அவருக்கு மட்டுமே தெரியும் என்றார்கள். போதாக்குறைக்கு இறப்புச் சான்றிதழில் அவர் பெயரில் எழுத்துப்பிழை. ஆள் சாகவே இல்லை என்று பேச்சு கிளம்பிவிட்டது. உடலைத் தோண்டியெடுத்துப் பார்க்கச் சொல்லி, வாடிக்கையாளர்களின் வழக்கறிஞர்கள் கனடா போலீசுக்குக் கடிதமே எழுதினார்கள்.

நானும் முதலில் இந்த மர்மத்தின் பின்னால்தான் ஓடினேன். மூன்று மாதம் வீண். அப்புறம்தான் நீதிமன்றம் கண்காணிப்பாளராக நியமித்த எர்ன்ஸ்ட் அண்ட் யங் என்ற தணிக்கை நிறுவனம் தாக்கல் செய்த அறிக்கைகளை எடுத்து உட்கார்ந்தேன். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். 2019 மார்ச் அறிக்கையில் ஒரு வரி வருகிறது: கண்டுபிடித்த ஆறு கோல்ட் வாலட்டுகளில் ஐந்து, 2018 ஏப்ரலிலிருந்தே காலி. அவர் சாவதற்கு எட்டு மாதம் முன்பிருந்தே! பாஸ்வேர்டு கிடைத்திருந்தாலும் அவற்றிலிருந்து எடுக்க எதுவும் இல்லை. அந்த வரியைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

பணம் எங்கே போயிற்று என்பதை ஒன்டாரியோ பங்குப்பத்திர ஆணையத்தின் 2020 ஜூன் அறிக்கை விரிவாகச் சொல்கிறது. காட்டன் பொய்ப் பெயர்களில் கணக்கு திறந்து, இல்லாத பணத்தை இருப்பதாக எண்ணை அடித்துவிட்டு, அதை வைத்துத் தன் வாடிக்கையாளர்களிடமே வியாபாரம் செய்திருக்கிறார். ஒருவர் பணம் கேட்டால் இன்னொருவர் போட்டதிலிருந்து கொடுத்திருக்கிறார். கடைசியில் சுமார் 76,000 பேருக்கு 21.5 கோடி கனடா டாலர் பாக்கி. மீட்க முடிந்தது 4.6 கோடிதான்.

காயின் கைமாறுவதைப் பதிந்துவைக்கும் பொதுப் பேரேடுதான் பிளாக்செயின். இந்தப் பொய் வியாபாரம் அதில் ஏறவே இல்லை, கவனியுங்கள். எக்ஸ்சேஞ்சுக்குள் நடக்கும் கொடுக்கல் வாங்கல் அவர்களுடைய கணினியோடு முடிந்துவிடும். வெளியே போன காயின் மட்டும்தான் பொதுப் பேரேட்டில் தெரியும். அதிலும் காயின் போய்ச் சேர்ந்த முகவரி, அதாவது கணக்கு எண் மாதிரி ஒரு குறியீடு, தெரியுமே தவிர, அது யாருடையது என்று தெரியாது. ஆளையும் முகவரியையும் சேர்த்துக் கட்டும் கயிறு திவால் வழக்குக் காகிதங்கள், பிரமாணப் பத்திரங்கள், பழைய மின்னஞ்சல்களில்தான் கிடைக்கும். அதனால் பிளாக்செயின் பார்க்க ஒரு மாதம் பழகுங்கள், போதும். மீதி நேரமெல்லாம் வழக்குக் கட்டுகளுக்கு. டெலிகிராம் குழுக்கள் ராவோடு ராவாகக் காணாமல் போகும், பார்த்த அன்றே தேதியோடு சேமித்துவிடுங்கள். குற்றம் சாட்டப்படுபவருக்குக் கேள்விகளை எழுத்தில் அனுப்பிப் பதிலுக்குக் காத்திருங்கள், எத்தனை நாளானாலும் சரி.

நான் இதில் இறங்கக் காரணம் திருப்பூரில் இருக்கும் என் பெரியப்பா. ஒரு காயின் திட்டத்தில் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் போட்டார். செல்போனைத் திறந்தால் ஒன்பது லட்சம் என்று பச்சை எழுத்தில் காட்டும். பணம் எடுக்கும் பொத்தானை என் கண்முன்னே அழுத்திக் காட்டினார். சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது, அவ்வளவுதான். காட்டன் அடித்த எண்ணும் இதே மாதிரிதானே என்று பிற்பாடு தோன்றியது.

பணம் இழந்தவர்கள் லேசில் பேச மாட்டார்கள். வெட்கம். பெரியப்பாவே ஏழெட்டு மாதம் கழித்துத்தான் பால் கணக்கு நோட்டை எடுத்து வந்தார். கடைசிப் பக்கங்களில் ஒவ்வொரு தவணையும் தேதி போட்டு எழுதியிருந்தார். போட்டோ எடுத்துக்கொள்ளச் சொன்னார். "உங்க அக்காளுக்கு இன்னும் தெரியாது சாமி, என் பேர் மட்டும் வேண்டாம்" என்றார். என் புத்தகத்தில் அந்த நோட்டு இருக்கும், அவர் பெயர் இருக்காது.