எந்த விரல் என்று கேளுங்கள்

மதிப்பிற்குரிய அம்மா,

திருவொற்றியூரிலிருந்து எழுதுகிறேன். ஒன்றரை ஆண்டுகளுக்கு முன் பட்டறையில் பிரஸ் இயந்திரத்தில் சிக்கி என் அப்பா வலது கையை மணிக்கட்டோடு இழந்தார். இல்லாத விரல்கள் உள்ளங்கையில் குத்துவதாக இரவில் புலம்புகிறார். ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரனின் கண்ணாடிப் பெட்டியை, நல்ல கையின் பிம்பத்தை இல்லாத கைபோலக் காட்டி வலியைக் குறைக்கும் முறையைப் பற்றிப் படித்து, நம் ஊரில் படித்தவர் என்று பெருமைப்பட்டேன். ஆனால் இல்லாத கை ஏன் உணரப்படுகிறது என்பதற்கு அவர் தந்த விளக்கத்தை 2025இல் வந்த ஆய்வு தவறென்று காட்டிவிட்டதாகச் சொல்கிறார்கள். அப்படியானால் கண்ணாடிச் சிகிச்சை வீண்தானா? இதெல்லாம் பிரமை என்று அப்பாவுக்கு எப்படிப் புரியவைப்பது?

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தின் கடைசி வரியைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் பாதி என்மீதே என்பதால்தான் இந்தப் பதிலை உடனே எழுதுகிறேன். ஊர்ப் பெருமையைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பதை அப்படியே விட்டுவிடுகிறேன். அறிவியலில் ஒருவர் சொன்னது சரியா என்பதை அவர் எந்தத் தெருவிலிருந்த கல்லூரியில் படித்தார் என்று பார்த்து முடிவு செய்வதில்லை.

என் தாய்மாமா காசிமேட்டில் விசைப்படகுக்குப் போனவர். வலை இழுக்கும் வின்ச்சில் ஓடிய கம்பி அவருடைய இடது கையைக் கொண்டுபோனபோது அவர் கயிற்றை இறுகப் பிடித்திருந்தாராம். அதன்பின் அந்தக் கை அவருக்கு எப்போதும் மூடிய முஷ்டியாகவே இருந்தது. மாலையில் திண்ணையில் உட்கார்ந்து, வலையைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, வலது கையால் ஊசியை ஓட்டிக் கிழிசலைப் பின்னுவார். திடீரென்று ஊசியை வைத்துவிட்டு, "கண்ணு, கொஞ்சம் விரலைப் பிரிச்சு விடு" என்பார். நான் அவருடைய முழங்கைக்குக் கீழே, காற்றில், ஒவ்வொரு விரலாகப் பிரிப்பதுபோல இழுத்து விடுவேன். சில நாள் முகம் தெளியும். சில நாள் "சுண்டு விரல் மட்டும் வரலை" என்பார். பாட்டி உள்ளேயிருந்து, பிள்ளையைப் பயமுறுத்தாதே என்று சத்தம் போடுவாள். எனக்குப் பன்னிரண்டு வயதானபோது, பள்ளியில் உடற்கூறு படித்த திமிரில், "மாமா, அங்க கையே இல்ல" என்று சொன்னேன். அவர் ஊசியை எடுத்துக்கொண்டார். அதன்பின் என்னிடம் ஒருநாளும் கேட்கவில்லை.

இப்போது ஆய்வுக்கு வருகிறேன். மூளையின் மேற்பரப்பில் தொடு உணர்வுக்கென்று ஒரு பட்டை இருக்கிறது. மாண்ட்ரியாலில் வைல்டர் பென்ஃபீல்ட் விழித்திருக்கும் நோயாளிகளின் மூளையில் மெல்லிய மின்சாரம் செலுத்தி, எங்கே தொட்டால் எந்த உறுப்பில் உணர்வு வருகிறது என்று கேட்டுக் கேட்டு 1937இல் அதன் வரைபடத்தை வெளியிட்டார். அதில் கையும் முகமும் பக்கத்துப் பக்கத்து வீடுகள். 1991இல் டிமத்தி பான்ஸ் குழுவினர், கையிலிருந்து வரும் உணர்வு நரம்புகள் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் வெட்டப்பட்ட குரங்குகளில், கைக்குரிய இடம் முகத்தைத் தொட்டால் துடிப்பதைக் கண்டார்கள். கை இழந்த சிலரின் கன்னத்தைத் தொட்டபோது இல்லாத கையிலும் தொடுவது தெரிந்ததை ராமச்சந்திரன் 1992இல் எழுதினார். காலி வீட்டில் பக்கத்து வீட்டுக்காரர் குடியேறிவிட்டார் என்ற விளக்கம் இப்படித்தான் பாடப்புத்தகத்துக்குள் வந்தது. அன்றைய சான்றுகளுக்கு அது நியாயமான விளக்கம்.

2025இல் ஹன்டர் ஷோன், டமார் மேக்கின், கிறிஸ் பேக்கர் குழுவினர் செய்தது வேறு. மருத்துவக் காரணங்களுக்காகக் கை எடுக்கப்படவிருந்த மூவரை, அறுவைக்கு முன்பே எம்.ஆர்.ஐ. ஸ்கேனருக்குள் படுக்கவைத்து விரல்களையும் உதட்டையும் அசைக்கச் சொன்னார்கள். கை போன பிறகும், ஐந்து ஆண்டுகள் வரை தொடர்ந்து, இல்லாத விரல்களை அசைக்கச் சொன்னார்கள். விரல்களின் வரைபடம் இருந்த இடத்திலேயே இருந்தது. உதடு அங்கே குடியேறவில்லை. அறுவைக்கு முந்தைய பதிவைக் கொண்டு பழக்கிய கணினி நிரல், அறுவைக்குப் பிந்தைய பதிவைப் பார்த்து, எந்த விரலை அசைக்க முயல்கிறார் என்பதை அடையாளம் கண்டது.

இந்த இடத்தில் நீங்கள் நிதானமாக நிற்க வேண்டும், தம்பி. குரங்கிடம் "உணர்வு போன கையை அசை" என்று சொல்ல முடியாது. தொட்டுப் பார்த்து, எது துடிக்கிறது என்றுதான் அளக்க முடியும். தொட்டால் முகம்தான் பதில் சொல்லும், ஏனென்றால் கையைத் தொட்டாலும் செய்தி கொண்டுவர நரம்பு இல்லை. மனிதரிடம் கேட்கலாம். கேட்டபோது கை பதில் சொன்னது. ஆக, இந்த ஆய்வு பழைய விளக்கத்தைத்தான் அசைத்திருக்கிறது. நோயாளிகள் சொன்னதை அது பொய்யாக்கவில்லை. என் மாமா சுண்டு விரல் வரவில்லை என்று சொன்னபோது, அவருடைய மூளையில் சுண்டு விரலுக்கென்று ஓர் இடம் உயிரோடு இருந்திருக்கும். கை இல்லை என்று சொன்னவள் நான். இதைப் பிரமை என்று நீங்கள் உங்கள் அப்பாவுக்குப் புரியவைக்கப் போகிறீர்களா? அவருக்குப் புரியவைக்க ஒன்றும் மிச்சமில்லை. புரிந்துகொள்ள வேண்டியவர் நீங்கள்.

வலியின் வேர், வெட்டுப்பட்டு மிஞ்சிய கையின் நுனியிலும் இருக்கலாம். வெட்டுப்பட்ட நரம்பு போக இடமில்லாமல் நுனியில் முடிச்சாக வளர்ந்து, தொடாமலே செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும். அந்த நுனிக்கு ஒரு தசையைத் தேடிக் கொடுத்து இணைக்கும் அறுவைகள் வந்திருக்கின்றன.

கண்ணாடியைக் கேட்டீர்கள். 2007இல் வெளியான, கால் இழந்தவர்களைப் பற்றிய ஒரு சிறிய ஆய்வில், நான்கு வாரம் கண்ணாடி பார்த்துப் பயிற்சி செய்த ஆறு பேருக்கும் வலி குறைந்தது. மூடிய கண்ணாடியின் முன் அதையே செய்த ஆறு பேரில் ஒருவருக்குத்தான் குறைந்தது. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் இவ்வளவு தெளிவாக இல்லை. விளக்கம் மாறியதாலேயே சிகிச்சை வீணாகிவிடாது. மருத்துவரின் மேற்பார்வையில் செய்துபாருங்கள்.

அவரை அழைத்துப் போகும்முன் பத்து ரூபாய்க்கு நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கி, இரவில் வலிக்கும்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுங்கள்: மணி என்ன, எரிச்சலா, இறுக்கமா, குத்தலா, எந்த விரல். அவர் சொல்லத் தயங்குவார். ஒன்றரை ஆண்டாக அந்த வீட்டில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். சுண்டு விரலிலிருந்து தொடங்குங்கள்.