கொழிஞ்சாம்பாறையில் இருந்துகொண்டு கொச்சிக் கச்சேரிகளைப் பின்தொடர்வது

கேள்வி: சினிமாப் பாட்டுக்கு வெளியே, சுயாதீன இசைக்குழுக்களை நேரடி நிகழ்ச்சிகள், புது வெளியீடுகள் வழியாகத் தொடர்ந்து கேட்பவர்கள் இங்கே இருக்கிறீர்களா? பெரிய நகரத்தில் இல்லாத ஒருவர் எங்கிருந்து தொடங்குவது?

இருக்கிறேன். பாலக்காடு மாவட்டம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். தமிழ்வழிப் பள்ளியில் ஆசிரியை. இங்கிருந்து கோயமுத்தூர் பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. கொச்சி என்றால் முதலில் பாலக்காடு போய், அங்கிருந்து மூன்று மணி நேரம் ரயில். எங்கள் ஊரில் டிக்கெட் போட்டு ராக் கச்சேரி நடந்து நான் பார்த்ததில்லை. ஆனாலும் 2008இலிருந்து விடாமல் பின்தொடர்கிறேன்.

2008 என்று துல்லியமாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. திருவனந்தபுரத்தில் படித்துக்கொண்டிருந்த மாமா பையன் ஓணம் லீவுக்கு வந்தபோது ஒரு சி.டி. கொண்டுவந்தான். அவியல் என்ற மலையாள ராக் குழுவின் முதல் ஆல்பம், அந்த வருடம்தான் வெளிவந்தது. அதில் 'ஆடு பாம்பே' என்று ஒரு பாட்டு. கிட்டார் இரைச்சலைக் கேட்டு அப்பா திட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன். வந்தவர் கதவோரமே நின்று கேட்டுவிட்டு, "இது நம்ம பாம்பாட்டிச் சித்தர் மாதிரியில்ல இருக்குது?" என்றார். அப்பா பஜனை மடத்தில் சித்தர் பாட்டுப் பாடி வளர்ந்தவர். பிறகுதான் தெரிந்தது, அது ஸ்ரீ நாராயண குரு எழுதிய குண்டலினிப் பாட்டு. குருவுக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். தமிழிலேயே பதிகங்கள் எழுதியவர். பாம்பாட்டிச் சித்தரின் வாசனை அதில் இருப்பதில் ஆச்சரியமே இல்லை. தமிழ்ச் சித்தரின் பாம்பு மலையாளத்துக்குப் போய், ராக் இசையில் ஏறி, எங்கள் வீட்டுத் திண்ணைக்குத் திரும்பி வந்திருந்தது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இது.

முதலில் நான் செய்தது அந்த சி.டி. அட்டையில் இருந்த பெயர்களை ஒரு நோட்டில் எழுதியது. இன்றைக்கும் என் முறை அதுதான்: குழுவின் பெயரை விட, அதில் வாசிக்கும் ஆட்களைப் பின்தொடர்வது. குழுக்கள் உடையும், பெயர் மாறும், இரண்டு வருடம் காணாமல் போகும். ஆட்கள் வாசிப்பதை நிறுத்துவதில்லை. மதர்ஜேன் என்ற கொச்சி ராக் குழுவின் 'மக்தூப்' ஆல்பமும் 2008தான். அதில் கர்நாடக சங்கீதக் கமகங்களைக் கிட்டாரில் கொண்டுவந்த பைஜு தர்மஜன் பிறகு அந்தக் குழுவை விட்டு விலகித் தனியாக வாசிக்க ஆரம்பித்தார். குழுவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அந்த இசையைத் தவறவிட்டிருப்பேன். அவியலின் ரெக்ஸ் விஜயன் மலையாள சினிமாவுக்கு இசையமைக்கப் போனார். தமிழ்ப் பக்கத்திலும் இதே கதைதான். கபேர் வாசுகியோடு குரங்கன் குழுவில் இருந்த தென்மா, 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை ஏறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவில் இருந்தார். அதே மேடையிலிருந்து வந்தவர்தான் ராப் பாடகர் அறிவு. ஒரு பெயரைப் பிடித்து நடந்தால் அது இன்னும் ஐந்து பெயரில் கொண்டுபோய் விடும். நான் டிரம்மர்களையும் சவுண்ட் எஞ்சினியர்களையும்தான் அதிகம் கவனிக்கிறேன். ஒரே டிரம்மர் மூன்று நான்கு குழுக்களில் வாசிப்பார். அவர் யாரோடெல்லாம் வாசிக்கிறார் என்று பார்த்தாலே அந்த வட்டாரம் முழுக்கத் தெரிந்துவிடும்.

இனி நேரடி நிகழ்ச்சி விஷயத்துக்கு வருகிறேன். ராத்திரி பத்து மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது நாடு முழுவதற்கும் உள்ள சட்டம். அதனால் ஆறரை, ஏழு மணிக்குத் தொடங்கி பத்துக்குள் முடிப்பார்கள். முடிந்த பிறகு எங்கள் ஊருக்குத் திரும்ப வழி கிடையாது. அம்மா போட்ட ஒரே நிபந்தனை, கொச்சி இடப்பள்ளியில் இருக்கும் சித்தி வீட்டில் தங்க வேண்டும் என்பது. முதல் இரண்டு தடவை சித்தி வாசலில் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்றாவது தடவை, "நீ ஒருத்தியா போக வேண்டாம்" என்று கூடவே வந்தார். இப்போது அவருக்கு அறுபத்திரண்டு வயது, என்னை விட அதிகக் கச்சேரி பார்க்கிறார். போன வருடம் ஒரு நிகழ்ச்சி முடிந்ததும், "கண்ணு, அந்தச் சுருட்டைமுடிப் பையன்தானே எப்பவும் டிரம் அடிப்பான், இந்த வாட்டி எங்கே? இவன் வேகமா ஓட்டுறான்" என்றார். அவர் சொன்னது சரி. அன்றைக்கு வேறு டிரம்மர், எல்லாப் பாட்டும் கொஞ்சம் விரைந்துதான் போனது.

முதலில் வாசிப்பவர்களைத் தவறவிடாதீர்கள். சுவரொட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் குழு ஒன்பது மணிக்குத்தான் வரும் என்று பாதிப்பேர் எட்டரைக்கு உள்ளே நுழைவார்கள். ஏழு மணிக்கு, சவுண்ட் செக்கே சரியாகக் கிடைக்காமல், மேடையில் தனக்காக வைத்த மானிட்டர் ஸ்பீக்கரில் தன் குரலே கேட்காமல் இருபது பேர் முன்னால் பாடுபவர்கள்தான் இரண்டு வருடம் கழித்து சுவரொட்டியில் பெரிய எழுத்தாகிறார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த குழுவை அப்படித்தான் பிடித்தேன்.

அந்தக் குழுவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பெயர் சொல்லவில்லை, கூச்ச சுபாவமுள்ள பிள்ளைகள், அவர்களிடம் கேட்காமல் எழுதுவது முறையல்ல. நாலு பேர். பாடுகிறவன் வேலந்தாவளம் பக்கத்துத் தமிழ்ப் பையன், மற்ற மூவர் மலையாளிகள். அவர்களுடைய ஒரு பாட்டு மலையாளத்தில் தொடங்கி, நடுவில் ஒரு சரணம் தமிழுக்குத் தாவும். விடிகாலையில் எங்கள் பக்கத்துச் சித்தூரிலிருந்து கள்ளு ஏற்றிக்கொண்டு தெற்கே போகும் வண்டியைப் பற்றிய பாட்டு. பனையேறியின் மனைவி பேசுவது போன்ற அந்தச் சரணம் மட்டும் தமிழ், அதுவும் எங்கள் ஊர்த் தமிழ்.

முதல் தடவை திருச்சூரில் கேட்டேன். தமிழ்ச் சரணம் வந்ததும் கூட்டம் செல்போனைப் பார்க்க ஆரம்பித்தது. நாலு மாதம் கழித்துப் பாலக்காட்டில், ஒரு சின்ன ஹாலில், நாற்பது பேர் இருந்திருப்போம். அதே சரணத்தில் பின்வரிசையில் ஒரு அம்மா சத்தமாகச் சிரித்தார், உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாடியவன் அதைப் பார்த்துவிட்டு அந்த வரியை இன்னொரு தடவை பாடினான். கோயமுத்தூரில் பாடியபோது நேர்மாறு: மலையாளத்தில் போகும்வரை அமைதி, தமிழ் வந்ததும் ஒரே விசில். ஆனால் எதற்கு விசில் என்று எனக்குப் புரியவில்லை, ஏனென்றால் அது துக்கமான வரி. ஒரே பாட்டை மூன்று ஊரில் கேட்டபோதுதான் அது யாருக்காக எழுதிய பாட்டு என்று புரிந்தது. இதை எந்தப் பதிவிலும் கேட்க முடியாது.

இரண்டு மொழியைக் கலப்பதை இன்றைய பிள்ளைகளின் புதுப் பழக்கம் என்று சிலர் சொல்கிறார்கள். எங்கள் மாவட்டத்தில் அப்படிச் சொன்னால் எடுபடாது. பகவதி கோயில் கூத்துமாடங்களில் விடிய விடிய நடக்கும் தோல்பாவைக்கூத்தில் பாடுவது கம்பராமாயணப் பாட்டு. விளக்கம் மலையாளம் கலந்து வரும். அட்டப்பாடியில் நஞ்சியம்மா பாடும் இருளர் மொழி தமிழுக்கு எவ்வளவு நெருக்கம் என்று கேட்டாலே தெரியும். 2022இல் சினிமாப் பாட்டுக்காகத் தேசிய விருது அறிவித்தபோது நாடே அவரைத் திரும்பிப் பார்த்தது. ஆனால் அவர் அதற்குப் பல வருடம் முன்பிருந்தே ஊர் ஊராகக் கலைக்குழுவோடு பாடிக்கொண்டிருந்தவர். பக்கத்தில் இருந்தும் சினிமாவில் வரும்வரை நாங்கள் கவனிக்கவில்லை என்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது. இந்தப் பதிலை இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒரு கருத்து உண்டு, பலருக்குப் பிடிக்காது. 2013இல் தொடங்கிய கப்பா டி.வி.யின் 'மியூசிக் மோஜோ' இசை நிகழ்ச்சி கேரளக் குழுக்களுக்கு ஒரு பெரிய கதவைத் திறந்தது. தைக்கூடம் பிரிட்ஜ் குழு அதில்தான் வீடுவீடாகப் போய்ச் சேர்ந்தது. ஆனால் அங்கே பழைய சினிமாப் பாட்டுகளைக் கோத்துப் பாடியதுதான் மிக வேகமாகப் பரவியது. அதற்குப் பிறகு 'பேண்ட்' என்றாலே சினிமாப் பாட்டை கிட்டாரோடு பாடுகிறவர்கள் என்று மக்கள் மனதில் பதிந்துவிட்டது. கோயில் திருவிழாவிலும் கல்லூரி விழாவிலும் "சினிமாப் பாட்டு எத்தனை?" என்று கேட்டுத்தான் முன்பணம் கொடுக்கிறார்கள். குழுக்களைக் குறை சொல்ல மாட்டேன், அந்தப் பணத்தில்தான் அவர்கள் சொந்தப் பாட்டைப் பதிவு செய்கிறார்கள். கேட்பவர்கள்தான் கொஞ்சம் மாற வேண்டும். இரண்டு பாட்டுக்கு நடுவே "உங்க சொந்தப் பாட்டு பாடுங்க" என்று ஒரே ஒரு ஆள் கத்தினால் போதும், மேடையில் முகம் மாறுவதைப் பார்க்கலாம். நான் கத்துவேன்.

புது வெளியீடுகளைப் பொறுத்தவரை வெள்ளிக்கிழமைதான் முக்கியம். 2015இலிருந்து உலகம் முழுக்கப் புது இசைக்கு அந்த நாள்தான். வெள்ளி சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நோட்டில் உள்ள பெயர்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்ப்பேன். தானாக வரும் பரிந்துரைகளை நம்புவதில்லை, அவை ஏற்கெனவே கூட்டம் உள்ளவர்களைத்தான் கொண்டுவந்து நிறுத்தும். பாட்டு வந்திருந்தால் முழுதாகக் கேட்டு, இரண்டு பேருக்கு அனுப்புவேன். காரணம் சொல்கிறேன். 2024இலிருந்து ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு பன்னிரண்டு மாதத்தில் குறைந்தது 1,000 தடவை கேட்கப்பட்டால்தான் அதற்குப் பணம் கணக்காகும். சின்னக் குழுவின் பாட்டு அறுநூறில் நின்றுவிட்டால் அதற்குக் கிடைப்பது பூஜ்யம். குழுக்கள் தங்கள் பாட்டை நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் வாங்க முடிந்தால் வாங்குங்கள். டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதத்தை அந்தத் தளம் எடுத்துக்கொள்ளும், பணம் அனுப்பும் செலவு போக மீதி குழுவுக்கு. அதுவும் இல்லையா, கச்சேரியில் ஒரு டி-ஷர்ட் வாங்குங்கள். என்னிடம் ஒன்பது இருக்கின்றன, பள்ளிக்குப் போட்டுக்கொண்டு போக முடியாது, வயலுக்குப் போடுகிறேன்.

ஏமாற்றங்களும் உண்டு. ஒருமுறை கோயமுத்தூரில் நிகழ்ச்சி. மழையில் மூன்று பேர் போய் இறங்கினோம். ரத்து. நடத்தியவர்கள் ஒரு குறுஞ்செய்தி கூட அனுப்பவில்லை, டிக்கெட் பணம் திரும்பி வர இரண்டு மாதம் ஆனது. அன்றைக்கு வாசிக்க வேண்டிய பிள்ளைகள் கேட்டருகே குடைபிடித்து நின்று, வருகிறவர்களிடம் ஒவ்வொருவராக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் பணம் வரவில்லை. அந்தக் குழுவின் எந்த நிகழ்ச்சியையும் அதன் பிறகு நான் விட்டதில்லை.

கொச்சியும் கோயமுத்தூரும்தான் உலகம் என்று நினைக்காதீர்கள். எங்கள் சித்தூர்ப்புழை பாரதப்புழையில் சேர்ந்து கடலைத் தொடும் இடம் பொன்னானி. அங்கேதான் ராப் பாடகர் ஹனுமான்கைண்டின் 'பிக் டாக்ஸ்' பாட்டுக்கு 2024இல் மரணக்கிணற்றுக்குள் படம் பிடித்தார்கள். திருவிழாச் சந்தையில் நாம் ஐஸ் தின்றுகொண்டு எட்டிப் பார்த்த அதே மரணக்கிணறு. உங்கள் ஊர்க் கல்லூரி நோட்டீஸ் போர்டையும், பக்கத்து டவுனில் கிட்டார் கம்பி விற்கும் கடையையும் முதலில் பாருங்கள். கம்பி வாங்க யார் வருகிறார்கள் என்று கடைக்காரருக்குத் தெரியும். எனக்குப் பாலக்காட்டில் பாதித் தகவல் அப்படிக் கிடைத்ததுதான்.

அந்தக் கள்ளு வண்டிப் பாட்டு போன தை மாதம் ஒருவழியாக வெளிவந்தது. நன்றாகப் பதிவு செய்திருக்கிறார்கள். ஆனால் ஆரம்பத்தில் பனை மட்டையைத் தட்டுகிற மாதிரி ஒரு தாளம் வரும், அது இல்லை. அடுத்த கச்சேரியில் பார்த்தபோது கேட்டேன். "டீச்சரே, அதை எப்படி வாசிச்சோம்னு எங்களுக்கே மறந்துபோச்சு" என்றான் பாடுகிறவன். பாலக்காட்டு ஹாலில் அவர்களிடம் கேட்டுவிட்டு நான் செல்போனில் பதிந்து வைத்திருந்தேன். நோட்டில் தேதியைப் பார்த்து, தேடி எடுத்துக் கொடுத்தேன். மேடைக்குப் பின்னால் நாலு பேரும் ஒரே செல்போனில் தலையை ஒட்டிவைத்துக் கேட்டார்கள். டிரம்மர் பையன் தொடையில் தட்டிப் பார்த்தான், இரண்டு தடவை தப்பியது, மூன்றாவதில் பிடித்துவிட்டான். அன்றைக்கு ராத்திரி அப்படித்தான் தொடங்கினார்கள். சித்தி என் கையைப் பிடித்து, "இதுதான், இதுதான்" என்றார்.