அம்மாவோட நோட்டு

கேள்வி: எங்க அப்பா இங்க கோயில் திருவிழாவுல தெருக்கூத்து ஆடினவரு, நம்ம ஊர்ல சிக்ஸ் ஃபுட் டான்ஸ்னு சொல்லுவாங்களே அதான், கூத்துல ஜனங்களை சிரிக்க வெக்கற கட்டியக்காரன் வேஷம்னா அப்பாதான். போய் ரெண்டு வருஷம் ஆச்சு. அம்மா ஒரு நோட்டுல அவரைப் பத்தி எழுதறாங்க, புக்கா போடணும்னு ஆசை. காசுக்கு சண்டை போட்டது, அவர் கூத்து முடிஞ்சு விடியக்காலம் வந்து அரிதாரத்தோடயே வாசப்படியில உக்காந்து கால் வலிக்குதுன்னு அழுதது, அம்மா தேங்கா எண்ணெ போட்டு முகத்தை துடைச்சு விட்டது எல்லாம் அதுல இருக்கு. அண்ணன் இதெல்லாம் அப்பாவுக்கு அசிங்கம், எடுத்துடணும்கிறான். எடுக்கலாமா?
- பெயர் வேண்டாம், சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: எடுக்காதீங்கம்மா, ஒரு வரிகூட எடுக்காதீங்க. அந்த தேங்கா எண்ணெ விஷயத்தை படிச்சிட்டு எனக்கு தொண்டை அடைச்சிடுச்சு. விடிய விடிய ஊரை சிரிக்க வெச்ச ஆளுக்கு கால் வலிச்சதுன்னு ஊருக்கு எப்படித் தெரியும், துடைச்சு விட்டவங்களுக்குத்தானே தெரியும்.

சிரிப்பு நடிகர் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனையே எடுத்துக்கோங்க. 1936ல வசந்தசேனா படத்துக்காக புனே போனப்பதான் நடிகை டி.ஏ.மதுரம் அம்மாவோட பழக்கம், அப்புறம் கல்யாணம், திரையிலயும் ஜோடி. 1944 கடைசில பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் கொலை வழக்குல அவரைக் கைது பண்ணிட்டாங்க, அப்போ இந்தியாவுக்கு கடைசி கோர்ட்டா இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் அப்பீல் போய் 1947லதான் வெளிய வந்தாரு. அந்த ரெண்டு வருஷத்துக்கு மேல, நடிகர் சகஸ்ரநாமம் கூட நிக்க, நாடகக் கம்பெனியை கலைய விடாம மேடை ஏறி நடிச்சது மதுரம் அம்மா, புருஷன் ஜெயில்ல இருக்கறப்ப ஜனங்களை சிரிக்க வைக்கணும்னா அது என்ன வேதனைன்னு நினைச்சுப் பாருங்க. அவர் வாரி வாரிக் குடுத்த கதையை ஊரே சொல்லும், 1957ல 48 வயசுல போயிட்டாரு, கையில பெருசா ஒண்ணும் மிச்சமில்ல. அப்படி குடுக்கறவரோட குடும்பம் நடத்தினது எப்படின்னு அந்தம்மா வாயால கேக்கத்தான் எனக்கு ஆசை.

அண்ணன் மேல கோபப்படாதீங்க, அவருக்கும் அப்பா மேல பாசம்தான். சண்டையில வெளியாள் யார் பேராவது வந்தா அதை மட்டும் மாத்திக்கோங்க, மிச்சத்தை அம்மா முடிவு பண்ணட்டும்.

அப்புறம் இன்னொண்ணு, உடனே செய்யுங்க. கட்டியக்காரன் முதல்ல வந்து ராஜா வர்றாரு பராக்னு சொல்லுவானே, அதை அப்பா எப்படி இழுத்து சொல்லுவாருன்னு அம்மாவை சொல்ல சொல்லி போன்ல ரெக்கார்ட் பண்ணிடுங்க, அந்த இழுப்பு நோட்டுல வராது.