ஏரிக்கு எதற்குக் கலங்கரை விளக்கம்?

"கலங்கரை விளக்கம் கடலுக்குத்தானே, ஏரிக்கு எதற்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவின் மினசோட்டாவுக்குக் குடிவந்த புதிதில் எனக்கும் இதே சந்தேகம்தான். சுப்பீரியர் ஏரிக் கரையில் போய் நின்றதும் அது தீர்ந்தது. சுமார் 82,000 சதுர கிலோமீட்டர் பரப்பு. எதிர்க்கரை கண்ணுக்கே எட்டாது. பாறையில் அலை மோதும் சத்தம் கடலேதான், உப்பு வாடைதான் இல்லை.

1905 நவம்பர் 28 அன்று இங்கே அடித்த புயலில் ஏகப்பட்ட கப்பல்கள் சேதமாயின. டுலூத் துறைமுக வாசலில், கரையில் ஆயிரக்கணக்கானோர் கையறு நிலையில் பார்த்துக்கொண்டிருக்க, மடாஃபா என்ற கப்பல் உடைந்து 9 பேர் இறந்தார்கள். அதன்பிறகுதான் இரும்புத்தாதுக் கப்பல்காரர்கள் அரசை நெருக்கி, ஸ்பிளிட் ராக் என்ற செங்குத்துப் பாறைமேல் கலங்கரை விளக்கம் வர வைத்தார்கள். அப்போது அங்கே சாலை கிடையாது. செங்கல், சிமெண்ட் எல்லாம் படகில் வந்து, பாரந்தூக்கியால் 130 அடி மேலே ஏறியது. 1910 ஜூலை 31 அன்று முதன்முதலாக விளக்கேற்றினார்கள்.

அது வேலை செய்த விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. உள்ளே எரிந்தது நம் பெட்ரோமாக்ஸ் மாதிரிதான்: மண்ணெண்ணெயை ஆவியாக்கி மேன்டில் என்ற வலைத்திரியில் எரிப்பது. அதைச் சுற்றி, சிப்பியின் இரண்டு ஓடுகளை எதிரெதிராக நிறுத்தியதுபோல் பாரிஸில் செய்த கண்ணாடி லென்ஸ். டன் கணக்கில் எடை, ஆனால் பாதரசத்தில் மிதப்பதால் லேசாகச் சுழலும். சுழற்றுவது கடிகாரப் பொறி. கோபுரத்தின் நடுவே தொங்கும் எடைக்கல் மெல்ல இறங்க இறங்க லென்ஸ் சுற்றும். 10 நொடிக்கு ஒருமுறை ஒளி மின்னும். கல் கீழே வந்துவிட்டால் சுழற்சி நின்றுவிடும் அல்லவா? அதனால் காவலர் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கைப்பிடியைச் சுற்றிக் கல்லை மேலேற்ற வேண்டும், இரவு முழுக்க. அந்தக் கைப்பிடி முன்னால் நான் வெகுநேரம் நின்றிருக்கிறேன்.

1940-ல் மின்விளக்கு வந்தது, 1969-ல் நிலையத்தை மூடினார்கள். இப்போது மினசோட்டா வரலாற்றுச் சங்கம் பராமரிக்கிறது.

போவதென்றால் நவம்பர் 10 அன்று போங்கள். 1975-ல் அதே நாளில் எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற தாதுக்கப்பல் இந்த ஏரியில் 29 பேரோடு மூழ்கியது. ஒவ்வொரு பெயராக வாசித்து மணி அடிப்பார்கள். அப்புறம் முப்பதாவது மணி, இந்த ஏரிகளில் மாண்ட எல்லோருக்குமாக. அது ஓய்ந்ததும் மேலே விளக்கு எரியும். குளிரில் கைகள் மரத்துப்போக, அந்த ஒளி இருட்டுத் தண்ணீர்மேல் வந்து வந்து போவதைப் பார்த்துக்கொண்டே நின்றோம்.