பள்ளி நடத்தியவர் கல்வி அமைச்சரானால்?

கொங்கு நாட்டில் கல்விப்பணியிலிருந்து மாநில அரசியலுக்குப் போய் உருப்படியாக ஏதாவது செய்தவர் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு உடனே நினைவுக்கு வருபவர் தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார்தான்.

திருப்பூரில் 1903இல் பிறந்தவர், படித்தது சட்டம். 1930இல் கோவையில் இராமகிருஷ்ண வித்யாலயம் என்ற பள்ளியைத் தொடங்கினார். கோவைக்கு அருகே பெரியநாயக்கன்பாளையத்தில் அதற்கு 1934இல் அடிக்கல் நாட்டியவர் காந்தி.

1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சர். மூன்றே ஆண்டுகள்தான், ஆனால் செய்த வேலையைப் பாருங்கள். உயர்நிலைப் பள்ளிகளில் தாய்மொழிவழிக் கல்விக்கு ஊக்கம் கொடுத்தார். பாரதியார் பாடல்களின் உரிமையை அரசு வாங்கியதும் அவர் காலத்தில்தான். 1946இல் தமிழ் வளர்ச்சிக் கழகத்தைத் தொடங்கி, தமிழில் கலைக்களஞ்சியம் கொண்டுவரும் பெரிய வேலையைக் கையிலெடுத்தார்.

இங்கேதான் பள்ளி அனுபவம் கைகொடுத்தது என்பேன். கலைக்களஞ்சியத்தின் முதன்மை ஆசிரியரான பெரியசாமித் தூரன், அதே வித்யாலயத்தில் ஆசிரியராக இருந்தவர். ஈரோட்டுப் பக்கத்துக்காரர். யாரிடம் எந்த வேலையைக் கொடுத்தால் முடியும் என்பது கூடவே இருந்து பார்த்தவருக்குத் தெரியாதா! முதல் தொகுதி 1954இல் வந்தது. பத்துத் தொகுதிகளும் முடிய 1968 ஆனது. பதவி போய் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த வேலையை அவர் விடவில்லை. எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இதுதான்.

அப்புறம் நாடாளுமன்றத்திலும் இருந்தார். 1957இல் கோவையில் பெண்களுக்காக மனையியல் கல்லூரி தொடங்கினார். இன்று அது அவர் பெயரிலேயே நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக நடக்கிறது.