‘பிரைவசி கோட்’ எதை மறைக்கிறது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மலையேற்றத்தின்போது பயன்படுத்துவதற்காக ஒரு ஜோடி வாக்கி டாக்கி வாங்கினோம். 22 சேனல்கள், 121 பிரைவசி கோடுகள் (code), மொத்தம் 2,662 சேர்க்கைகள் என்று பெட்டியில் அச்சிட்டிருக்கிறார்கள். ஒரு கோடைத் தேர்ந்தெடுத்துவிட்டால் எங்கள் பேச்சு வேறு யாருக்கும் கேட்காது என்று கொள்ளலாமா?
– ஒரு வாசகி, நியூஜெர்சி

பதில்: அப்படிக் கொள்ள முடியாது. உங்கள் கருவியில் இருப்பவை 22 சேனல்கள் மட்டுமே. 121 என்பது 38 தொனிகளையும் 83 டிஜிட்டல் குறிகளையும் சேர்த்துச் சொல்லும் எண். அதை 22-ஆல் பெருக்கிக் கிடைத்த 2,662 விளம்பரக் கணக்கே தவிர, வானில் அத்தனை தனி வழிகள் கிடையாது. நீங்கள் எந்தக் கோடை வைத்துப் பேசினாலும், அதே சேனலில் கோடைப் பூஜ்யத்தில் வைத்திருக்கும் எவருக்கும் உங்கள் பேச்சு முழுவதும் தெளிவாகக் கேட்கும்.

அப்படியானால் கோடு எதற்கு என்பதைப் புரிந்துகொள்ள ‘ஸ்குவெல்ச்’ என்ற அமைப்பிலிருந்து தொடங்க வேண்டும். பண்பலை வாங்கிக்கு, அதாவது அலையைப் பெறும் கருவிக்கு, எந்த அலையும் வராதபோது அது சும்மா இருப்பதில்லை. ‘ஸ்’ என்று ஓயாமல் இரைந்துகொண்டிருக்கும். ஸ்குவெல்ச் சுற்று அந்த இரைச்சலைக் கவனித்து, இரைச்சல் இருக்கும்வரை ஒலிபெருக்கியை மூடி வைத்து, ஓர் அலை வந்து இரைச்சல் அடங்கியதும் திறந்துவிடுகிறது. ஆனால் வந்த அலை யாருடையது என்பது அதற்குத் தெரியாது. ஒரே அதிர்வெண்ணை வாடகைக் கார் நிறுவனம், கட்டுமான நிறுவனம் எனப் பலரும் பகிர்ந்துகொண்டபோது, ஒவ்வோர் ஓட்டுநரும் நாள் முழுவதும் ஊரார் பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்க நேர்ந்தது. அந்தத் தொல்லைக்குத் தீர்வாக அமெரிக்காவில் மோட்டரோலா நிறுவனம் 1950-களில் ‘பிரைவேட் லைன்’ என்ற வணிகப் பெயரில் ஓர் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. பேசுபவரின் கருவி, பேச்சோடு சேர்த்து, குறிப்பிட்ட ஒரு தாழ்ந்த தொனியையும் இடைவிடாமல் அனுப்பும். கேட்பவரின் கருவி, அலையோடு அந்தத் தொனியும் இருந்தால்தான் ஒலிபெருக்கியைத் திறக்கும். இதன் பொதுப்பெயர் சி.டி.சி.எஸ்.எஸ். (தொடர்ந்து ஒலிக்கும் தொனியால் இயங்கும் ஸ்குவெல்ச்). இதே ஏற்பாட்டை ஜெனரல் எலெக்ட்ரிக் ‘சேனல் கார்டு’ என்றும், ஆர்.சி.ஏ. ‘கொயட் சேனல்’ என்றும் விற்றன. இவற்றுள் ஆர்.சி.ஏ. வைத்த பெயரே நேர்மையானது என்பேன். ஏனெனில், இந்த ஏற்பாடு பிறர் பேச்சு உங்களுக்குக் கேட்காமல் தடுக்கிறதே அன்றி, உங்கள் பேச்சு பிறருக்குக் கேட்காமல் தடுப்பதில்லை. ஆகவே வீட்டு முகவரி, பணம், குழந்தைகள் தனியாக இருக்கும் இடம் போன்றவற்றை இந்தக் கருவியில் பேசாதீர்கள்.

கேள்வி: அந்தத் தொனி நாம் பேசும் நேரம் முழுவதும் ஒலித்துக்கொண்டிருக்கிறது என்றால், அது நம் காதில் விழாதது எப்படி?
– ஒரு மாணவர், மதுரை

பதில்: இவ்வகைக் கருவிகளில் பேச்சுக்கென ஒதுக்கப்பட்டிருப்பது ஏறத்தாழ 300 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி. தொனிகளோ பெரும்பாலும் 67.0 ஹெர்ட்ஸில் தொடங்கி 254.1 ஹெர்ட்ஸுக்குள் முடிந்துவிடுகின்றன. வாங்கியில் உள்ள வடிகட்டி 300 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளவற்றை ஒலிபெருக்கிக்குப் போகாமல் தடுத்துவிடுகிறது. மேலும், அலையின் அதிர்வெண்ணைப் பேச்சு எவ்வளவு அசைக்க அனுமதி உண்டோ, அதில் 10 முதல் 15 விழுக்காடு அளவுக்கே தொனி அசைக்கிறது. வடிகட்டி சரியில்லாத மலிவான கருவிகளில், குறிப்பாக 200 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட தொனிகளை வைத்தால், மெல்லிய முனகல் கேட்பதுண்டு.

நம் குரலின் அடிப்படை அதிர்வெண்ணும், முக்கியமாக ஆண்களின் குரலில், இதே தாழ்ந்த பகுதியில்தான் இருக்கிறது. அதை அப்படியே அனுப்பினால் தொனியைக் குழப்பிவிடும் என்பதால், அனுப்பும் கருவியே அந்தப் பகுதியைக் குரலிலிருந்து வெட்டிவிடுகிறது. அப்படி வெட்டியும் பேசுபவர் யார் என்று நமக்குத் தெரிவது, மேலே எஞ்சியிருக்கும் மடங்கு அதிர்வெண்களிலிருந்து மூளை அடிப்படைச் சுருதியைத் தானே ஊகித்துக்கொள்வதால்தான்.

கேள்வி: இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகளில் ஒரே சேனலையும் ஒரே கோடு எண்ணையும் வைத்தும் ஒன்றுக்கொன்று பேச முடியவில்லை. பழுதா?
– ஒரு வாசகர், சிங்கப்பூர்

பதில்: பழுதாக இருக்க வாய்ப்புக் குறைவு. கோடு எண் என்பது அந்தந்த நிறுவனம் தன் பட்டியலுக்குக் கொடுத்த வரிசை எண் மட்டுமே. 38 தொனிகள் கொண்ட வழக்கமான பட்டியலில் 1 என்பது 67.0, 2 என்பது 71.9, 12 என்பது 100.0 ஹெர்ட்ஸ். இடையில் 69.3 ஹெர்ட்ஸையும் சேர்த்துக்கொண்ட கருவியில் அதற்குப் பின் வரும் எண்களெல்லாம் ஓரிடம் தள்ளிப்போகும். இரண்டு கையேடுகளிலும் ஹெர்ட்ஸ் அளவைப் பார்த்து, அது ஒன்றாக இருக்கும்படி வையுங்கள்.

எண்கள் இப்படிப் பின்னமாக இருப்பதற்கும் காரணம் உண்டு. 100.0, 103.5, 107.2, 110.9 என்று ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஏறத்தாழ 3.5 விழுக்காடு கூடுகிறது. தொடக்கக் காலக் கருவிகளில், ஒரே அதிர்வெண்ணுக்கு மட்டும் அதிரும் மெல்லிய உலோக நாக்குகளே தொனியை உண்டாக்கவும் அடையாளம் காணவும் பயன்பட்டன. அடுத்த தொனிக்கு அந்த நாக்கு தவறி அதிராமலிருக்க இந்த இடைவெளி தேவைப்பட்டது. தொனியைத் தேர்ந்தெடுக்கும்போது மின்சாரத்தின் அதிர்வெண்ணிலும் அதன் மடங்குகளிலும் எழும் இரைச்சலையும் நினைவில் கொள்ளுங்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இந்தியா, சிங்கப்பூர் போன்ற நாடுகளில் 100.0 ஹெர்ட்ஸையும், 60 ஹெர்ட்ஸ் உள்ள அமெரிக்காவில் 179.9 ஹெர்ட்ஸையும் தவிர்ப்பது நல்லது.

டிஜிட்டல் குறிகள் தொனிக்குப் பதிலாக 23 பிட் கொண்ட ஒரு சொல்லை நொடிக்கு 134.4 பிட் வேகத்தில் திரும்பத் திரும்ப அனுப்புகின்றன. பயன் அதேதான், மறைப்பு இதிலும் இல்லை.

கேள்வி: என் நண்பர் பலமுறை அழைத்ததாகச் சொல்கிறார். என் கருவியில் ஒரு சத்தமும் வரவில்லை. கோடை நீக்கிய பிறகு எல்லாம் கேட்கிறது, கூடவே அந்நியர் பேச்சும் கேட்கிறது. கோடு வைப்பதில் ஏதேனும் கெடுதல் உண்டா?
– ஒரு வாசகர், கோவை

பதில்: உண்டு. இதைப் பலரும் கவனிப்பதில்லை. உங்கள் சேனலில் வேறு தொனியில் வேறொரு குழு பேசிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கருவி அமைதியாக இருப்பதால் சேனல் காலியாக இருக்கிறது என்று எண்ணி நீங்கள் பேசத் தொடங்குகிறீர்கள். அவர்களுடைய பேச்சு கெடுகிறது. அவர்களும் உங்களுக்கு அதையே செய்கிறார்கள். இரண்டு அலைகள் ஒரே நேரத்தில் வந்தால் பண்பலை வாங்கி வலுவானதையே பற்றிக்கொள்ளும். அருகிலிருக்கும் அந்நியரின் அலை வலுவாகவும், தொலைவிலுள்ள நண்பரின் அலை மெலிந்தும் இருந்தால், உங்கள் கருவிக்குக் கிடைப்பது அந்நியரின் தொனி. அது பொருந்தாததால் ஒலிபெருக்கி திறக்காது. கோடு இல்லாதிருந்தால், யாரோ குறுக்கே பேசுகிறார் என்றாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இதற்காகவே வண்டிகளில் பொருத்தும் பல வானொலிகளில், மைக்கை அதன் கொக்கியிலிருந்து எடுத்தவுடன் தொனிக் கட்டுப்பாடு தானாக விலகி, சேனலில் நடப்பது முழுவதும் கேட்கும்படி அமைத்திருப்பார்கள். கைக்கருவியில் ‘மானிட்டர்’ பொத்தான் அந்த வேலையைச் செய்கிறது. பேசுமுன் அதை அழுத்திக் கேளுங்கள். அல்லது, சேனலில் அலை இருந்தால் எரியும் சிறுவிளக்கையாவது பாருங்கள். ஆபத்து நேரத்தில் உதவி கேட்க நேரக்கூடிய இடங்களுக்குப் போகும்போது கோடே இல்லாமல் வைத்திருப்பதுதான் என் பரிந்துரை.

நண்பரின் அழைப்பில் முதல் சொல் மட்டும் காணாமல் போகிறது என்றால் அது வேறு காரணம். 67.0 ஹெர்ட்ஸ் தொனியில் ஒரு சுற்றுக்கே 15 மில்லி நொடி ஆகிறது. கருவி பல சுற்றுகளைப் பார்த்த பிறகே நம்புவதால் கால் நொடி போய்விடக்கூடும். பொத்தானை அழுத்தியபின் அரை நொடி பொறுத்துப் பேசச் சொல்லுங்கள்.

கேள்வி: அமெச்சூர் வானொலி உரிமம் பெற்றிருக்கிறேன். சர்வதேச விண்வெளி நிலையத்தின் ரிப்பீட்டர் (ஓர் அதிர்வெண்ணில் பெறும் பேச்சை வேறோர் அதிர்வெண்ணில் திரும்ப அனுப்பும் கருவி) எனக்கு நன்றாகக் கேட்கிறது, ஆனால் நான் பேசினால் எடுப்பதில்லை.
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: 145.990 மெகாஹெர்ட்ஸில் பேசும்போது 67.0 ஹெர்ட்ஸ் தொனியை வைத்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். அது இல்லாமல் அந்த ரிப்பீட்டர் திறப்பதில்லை. அனுப்பும் தொனியை மட்டும் வைத்தால் போதும்; கேட்கும் பக்கத்தில் தொனி ஸ்குவெல்ச்சை நீக்கி, இரைச்சலோடு திறந்தே வைத்திருங்கள். நிலையத்தின் வேகத்தால் கீழிறங்கும் 437.800 மெகாஹெர்ட்ஸ் அலை நெருங்கும்போது ஏறத்தாழ 10 கிலோஹெர்ட்ஸ் மேலேயும், விலகும்போது அதே அளவு கீழேயும் நகரும். தொனியில் ஏற்படும் மாற்றம் பொருட்படுத்தத் தக்கதன்று.

2002-இல் ஏவப்பட்ட சவூதியின் எஸ்.ஓ.-50 செயற்கைக்கோளில் தொனிக்கு இரண்டு வேலைகள் உண்டு. 145.850 மெகாஹெர்ட்ஸில் 74.4 ஹெர்ட்ஸ் தொனியைச் சில நொடிகள் அனுப்பினால் அதன் பத்து நிமிடக் கடிகாரம் ஓடத் தொடங்கி ரிப்பீட்டர் இயங்கும். அதன்பின் பேசுவதற்கு 67.0 ஹெர்ட்ஸ் வேண்டும். கடிகாரத்தை வேறொருவர் ஏற்கெனவே தொடங்கி வைத்திருந்தால் நீங்கள் 74.4 அனுப்பத் தேவையில்லை.