ஊசி போட்டா என் பையன் பேசிடுவானா?

கேள்வி: வணக்கம் டாக்டர். என் பையனுக்கு நாலரை வயசு. ரெண்டே கால் வயசுலயே ஆட்டிசம்னு சொல்லிட்டாங்க. கூப்பிட்டா திரும்ப மாட்டான், இட்லி பானை மூடியை தரையில சுத்த விட்டுட்டு அதையே பாத்துட்டு உக்காந்திருப்பான், இன்னும் ஒரு தடவை கூட அம்மான்னு கூப்பிடல. ஒரு தனியார் ஆஸ்பத்திரில ஸ்டெம் செல் ஊசி முதுகுத்தண்டுல மூணு தடவை போடணும், மொத்தம் ஆறு லட்சம், அஞ்சு வயசுக்குள்ள போட்டாத்தான் பலன்னு சொல்றாங்க. அங்க ஊசி போட்ட ஒரு பையன் பேசற வீடியோவும் காட்டுனாங்க. வீட்டுக்காரர் என் நகையை வச்சு போட்டுடலாம்ங்கறார், மாமியார் வேணாம்ங்கறாங்க. போடாம விட்டா என் புள்ளைக்கு நானே துரோகம் பண்ணின மாதிரி ஆயிடுமோன்னு ராத்திரி தூக்கமே வரல. என்ன பண்ணட்டும்?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: முதல்ல விஷயத்தை சொல்லிடறேன்மா, நகையை பேங்க்குக்கு எடுத்துட்டு போகாதீங்க, அந்த ஊசி வேணாம். உங்க மாமியார் சொல்றதுதான் சரி.

2022 டிசம்பர்லயே நம்ம தேசிய மருத்துவ ஆணையத்தோட நெறிமுறை வாரியம் ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் (வேற வகை செல்லா மாறக்கூடிய மூல செல்) சிகிச்சையை பரிந்துரைக்க முடியாது, அப்படி கொடுக்கறதும் விளம்பரம் பண்றதும் தொழில் ஒழுங்கீனம்னு சொல்லிடுச்சு. அதுக்கு முன்னாடி 2017ல ஐ.சி.எம்.ஆர்.னு சொல்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட வழிகாட்டுதல்லயும், ரத்தப் புற்றுநோய் மாதிரி சில ரத்த நோய்களைத் தவிர வேற எதுக்கும் ஆராய்ச்சிக்கு வெளியில ஸ்டெம் செல் போடக்கூடாதுன்னுதான் இருக்கு. ஆராய்ச்சின்னு சொன்னாங்கன்னா அதுக்கு சி.டி.ஆர்.ஐ.ங்கற மருத்துவ ஆராய்ச்சிப் பதிவேட்டுல பதிவு எண் இருக்கணும், உங்ககிட்ட ஒரு பைசா வாங்கக்கூடாது. ஆறு லட்சம் கேக்கறாங்கன்னாலே அது ஆராய்ச்சி இல்ல.

ஆனா உங்க மனசுல நிக்கறது இந்த சட்டமெல்லாம் இல்ல, அந்த வீடியோதான்னு எனக்கு தெரியும். அதனால ஒரு பழைய கதை சொல்றேன்.

1998ல அமெரிக்காவுல ஒரு ரிப்போர்ட் வந்துச்சு, அதுக்கு முன்னாடி மூணு ஆட்டிசம் குழந்தைங்களுக்கு வயித்துக் கோளாறுக்காக டெஸ்ட் எடுக்கறப்போ செக்ரெட்டின்னு ஒரு ஹார்மோனை ஊசியா போட்டாங்க, கணையம் ஒழுங்கா வேலை செய்யுதான்னு பாக்கறதுக்கான சாதாரண மருந்து அது. அடுத்த சில வாரத்துல மூணு பேரும் கண்ணைப் பாக்க ஆரம்பிச்சாங்க, பேச்சு கூடுச்சு. டிவில வந்துச்சு, அவ்வளவுதான், ஆயிரக்கணக்கான பெத்தவங்க கடனை உடனை வாங்கி அந்த ஊசிக்கு ஓடுனாங்க. அந்த அம்மா அப்பா யாரும் பொய் சொல்லல, கண்ணால பாத்ததைத்தான் சொன்னாங்க.

1999ல இதை முறையா சோதிச்சாங்க. 60 குழந்தைங்களை சேத்து பாதிப் பேருக்கு செக்ரெட்டின், மீதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணி ஊசி, யாருக்கு எதுன்னு பெத்தவங்களுக்கும் தெரியாது டாக்டருக்கும் தெரியாது. நாலு வாரம் கழிச்சு நடத்தையை மார்க் போட்டு பாத்தா மருந்து போட்ட பிள்ளைங்களுக்கு 8.9 பாயின்ட் முன்னேற்றம், உப்புத் தண்ணி போட்ட பிள்ளைங்களுக்கு 17.8. புரியுதாம்மா, உப்புத் தண்ணிக்கும் பிள்ளைங்க தேறியிருக்காங்க! இதுல என் மனசை பிசையறது அடுத்த விஷயம்தான், இந்த ரிசல்ட்டை சொன்னதுக்கு அப்புறமும் 69 சதவீதம் பெத்தவங்க எங்களுக்கு அந்த மருந்து வேணும்னுதான் சொன்னாங்க. அவங்களை குறை சொல்ல எனக்கு வாய் வராது. புள்ளை ஒரு தடவை திரும்பிப் பாத்ததை அம்மா மறப்பாளா?

ஏன் உப்புத் தண்ணிக்கு தேறுச்சுன்னா, ஆட்டிசம் பிள்ளைங்க ஒரே நிலையில நிக்கறதில்ல, சில மாசம் அடம் ஜாஸ்தியா இருக்கும், சில மாசம் தானா தணியும், ரொம்ப மோசமா இருக்கற நேரத்துலதான் நாம புது மருந்துக்கு ஓடுவோம், அடுத்து அது தணியறப்போ மருந்தாலதான்னு நினைப்போம், கூடவே பிள்ளையும் வளருது, தெரபியும் நடக்குது, இத்தனை பணம் போட்டுட்டோமேன்னு நாமளும் ஒவ்வொரு அசைவையும் உத்து உத்து பாக்கறோம். காக்கா உக்கார பனம்பழம் விழுந்த மாதிரி. உங்களுக்கு காட்டுன வீடியோல இருக்கற பையன் நிஜமாவே பேசியிருக்கலாம். ஊசி போடாமலே பேசியிருப்பானான்னு அந்த வீடியோவால சொல்ல முடியாது. நாலு, அஞ்சு வயசுக்கு மேல பேச்சு வந்த பிள்ளைங்க நிறைய பேர் என் கிளினிக்குலயே இருக்காங்க. அஞ்சு வயசோட கதவு சாத்திக்கும்னு சொல்றது உங்களை அவசரப்படுத்தத்தான்.

போட்டு பாத்தா என்ன நஷ்டம்னு உங்க வீட்டுக்காரர் கேப்பார். முதுகுத்தண்டுல ஊசி போடணும்னா மயக்க மருந்து வேணும், கிருமித் தொற்று வரலாம், மூணு தடவைன்னா மூணு தடவையும் அந்த ஆபத்து இருக்கு. 2005ல பென்சில்வேனியாவுல உடம்புல இருக்கற பாதரசத்தை எடுக்கறோம்னு ஒரு அஞ்சு வயசு ஆட்டிசம் பையனுக்கு கீலேஷன் மருந்தை நரம்புல ஏத்துனாங்க, ரத்தத்துல கால்சியம் சட்டுனு இறங்கி அந்த டாக்டர் ரூம்லயே அவன் இதயம் நின்னுடுச்சு. அவனையும் யாரோ ஆசையாத்தான் தூக்கிட்டு போனாங்க. என்கிட்ட வர்ற ஒரு பையன், ஸ்டெம் செல் ஊசி எங்கயோ போட்டுட்டு வந்தவன், வெள்ளை விரிப்பு போட்ட கட்டிலைப் பாத்தாலே இன்னும் அம்மா முந்தானைக்குள்ள முகத்தைப் புதைச்சுக்கறான். பேச்சுல மாத்தம் இல்ல, கடன் மட்டும் இருக்கு.

இப்ப நீங்க செய்ய வேண்டியது, காது டெஸ்ட் எடுத்தாச்சான்னு பாருங்க, கூப்பிட்டா திரும்பலன்னா பெரா டெஸ்ட் (சத்தம் காதுலருந்து மூளைக்குப் போகுதான்னு பாக்கறது) கண்டிப்பா வேணும். மலச்சிக்கல், சொத்தைப் பல், தூக்கம், இரும்புச்சத்து இதையெல்லாம் பாருங்க, சொல்லத் தெரியாத வலி கூட அடத்துக்கு காரணமா இருக்கலாம். அரசு ஆஸ்பத்திரில இருக்கற மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்துல ஸ்பீச் தெரபி, ஆக்குபேஷனல் தெரபி இலவசம். சென்னை வந்தா முட்டுக்காட்டுல இருக்கற, பல்வகை குறைபாடு உள்ளவங்களுக்கான தேசிய நிறுவனத்துல காட்டலாம். யு.டி.ஐ.டி.ங்கற மாற்றுத்திறனாளி அடையாள கார்டு வாங்கிட்டு, அரசோட நிராமயா மருத்துவ இன்சூரன்ஸ் போடுங்க, வருஷத்துக்கு ஒரு லட்சம் வரைக்கும் கவர் ஆகும், தெரபிக்கும் அதுல இடம் இருக்கு. அப்புறம் அந்த மூடி, அதை புடுங்காதீங்க. பக்கத்துல உக்காந்து நீங்களும் ஒரு மூடியை சுத்துங்க, நடுவுல கையால நிறுத்திட்டு அவன் உங்க முகத்தைப் பாக்கற வரைக்கும் காத்திருங்க, பாத்த உடனே "சுத்து"ன்னு சொல்லி விடுங்க. தினமும் பத்து நிமிஷம். பேச்சு இங்கருந்துதான் ஆரம்பிக்கும்.

கேள்வி: அமெரிக்காவுல ஆட்டிசத்துக்கு லூக்கோவோரின் மாத்திரையை கவர்மென்ட்டே சொல்லிடுச்சுன்னு என் மச்சான் அங்கருந்து வாங்கி அனுப்பறேங்கறான். பொண்ணுக்கு ஆறு வயசு, ஃபிட்ஸுக்கு ஃபீனோபார்பிட்டோன் குடுத்துட்டு இருக்கோம். ஆரம்பிக்கலாமா?
– ஒரு வாசகர், நாமக்கல்

பதில்: நீங்களா ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீங்க சார். லூக்கோவோரின் ஃபோலிக் ஆசிட் குடும்பத்து மருந்து, மெத்தோட்ரெக்சேட் எடுக்கற கேன்சர் நோயாளிகளுக்கு பல வருஷமா குடுக்கறது. அது ஃபீனோபார்பிட்டோன், ஃபெனிடாய்ன் மாதிரி மருந்துங்க வேலையைக் குறைச்சு சில குழந்தைங்களுக்கு ஃபிட்ஸை அதிகமாக்கலாம். 2025 செப்டம்பர்ல அமெரிக்க மருந்துத் துறை அறிவிச்சது மூளைக்குள்ள ஃபோலேட் போய்ச் சேராத ஒரு குறைபாட்டைப் பத்தி, எல்லா ஆட்டிசம் பிள்ளைங்களுக்கும்னு இல்ல. பேச்சு கொஞ்சம் கூடுச்சுன்னு சொன்ன சோதனை ஒண்ணுல மொத்தமே 48 குழந்தைங்க. செக்ரெட்டின் மாதிரி இதை ஒரேயடியா ஒதுக்க மாட்டேன், ஆனா பெரிய சோதனைங்க வரணும். பார்சல் வந்தா பிரிக்காம அப்படியே உங்க நரம்பியல் டாக்டர்கிட்ட கொண்டு போங்க.

கேள்வி: பேரன் தலையை சுவத்துல முட்டிக்கறான். டாக்டர் ரிஸ்பெரிடோன் எழுதியிருக்கார். இதுவும் நிரூபிக்காத மருந்தா?
– ஒரு பாட்டி, கும்பகோணம்

பதில்: இல்லம்மா, இது வேற. ஆட்டிசம் குழந்தைங்களோட கடுமையான கோபம், தன்னைத்தானே அடிச்சுக்கறது இதுக்காக முறையா சோதிச்சு 2006ல அமெரிக்காவுல அனுமதி கொடுத்த மருந்து, 2009ல அரிப்பிப்ரசோலும் வந்துச்சு. பேச்சு வரவைக்காது, ஆட்டிசத்தையும் மாத்தாது, முட்டிக்கறதைக் குறைக்கும். பசி ஜாஸ்தியாகி எடை ஏறும், அதனால மாசம் ஒரு தடவை எடை பாத்து எழுதி வைங்க. திடீர்னு நிறுத்தக்கூடாது. மருந்தை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி காதையும் பல்லையும் ஒரு தடவை பாத்துடுங்க, காது வலிக்கு கூட பிள்ளைங்க முட்டிப்பாங்க.